மென்பொருள் வேலையும் ஓர் அமானத்

(கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இந்த வருட விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பி.காம்., ஆலிம் படிப்பு, நர்சிங் எல்லாம் இருக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கட்டில் பெரிய கட்டு எதுவென்றால் கம்ப்யூட்டர் படிப்புதான். பி.சி.ஏ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.டெக்., எம்.சி.ஏ. தகப்பனார் தொழில் என்ற கட்டத்தில் பார்த்தால் கட்டிங் மாஸ்டர், டேனரி வேலை, ஷூ கம்பெனியில் தையல், சுமை தூக்குதல். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் தோலைத் தொட்டுப் பிழைத்த கைகள், அடுத்த தலைமுறையைக் கீபோர்டுக்கு அனுப்புகின்றன. அதனால் இன்றைக்கு இதைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்தோம். எப்படி வேலை வாங்குவது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். வாங்கிய வேலையை எப்படிச் செய்வது என்று சொல்லத்தான் ஆள் குறைவு.

முதலில் எங்கள் வீட்டுக் குறையைச் சொல்லிவிடுகிறோம்.

நம் அறக்கட்டளை விதவைகளுக்கும் ஆதரவற்ற முதியோருக்கும் மாதந்தோறும் உதவித்தொகை கொடுக்கிறது. முன்பு ஒரு நீளமான பதிவேடு இருந்தது. மாதத்தின் முதல் வாரத்தில் நம் வசூல் பாய் சைக்கிளில் போய், கதவைத் தட்டி, கையில் கொடுத்து, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி வருவார். பிறகு எல்லாருக்கும் வங்கிக் கணக்கு வந்தது. கம்ப்யூட்டரில் பட்டியல் போட்டு நேராகக் கணக்கில் அனுப்பிவிடலாம் என்று கமிட்டியில் பேசினோம். நம் பிள்ளை ஒருவர், சென்னையில் கம்பெனி வேலை, பணம் வாங்காமல் செய்து தருகிறேன் என்றார். ரமலானுக்கு முன் வேண்டும் என்று நாங்கள் நெருக்கினோம். பாவம், பகலில் கம்பெனி வேலையை முடித்துவிட்டு, ஒன்பது இரவு உட்கார்ந்து ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்தார். திறந்து பார்த்தோம். அழகாக இருந்தது. பட்டனை அழுத்தினால் பட்டியல் வந்தது. ஜஸாக்கல்லாஹ் என்றோம், சால்வை போர்த்தினோம்.

மூன்று மாதம் கழித்து வசூல் பாய் வேறு வேலையாக ஒரு தெருவுக்குப் போனபோது, அந்தத் தெருவில் இருக்கும் ஒரு அம்மாவைப் பார்த்து நலம் விசாரித்திருக்கிறார். பேச்சுவாக்கில் தெரிய வந்தது, ரமலானிலிருந்து அவருக்குப் பணம் வரவில்லை. "ஏம்மா, ஆபீசில் வந்து கேட்கக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறார். "என் மகனுக்கு ஷூ கம்பெனியில் வேலை கிடைத்ததை யாராவது சொல்லியிருப்பார்கள், நிறுத்திவிட்டீர்கள் என்று நினைத்தேன்" என்றிருக்கிறார். அந்த மகன் ஹெல்ப்பராகச் சேர்ந்து இரண்டு மாதத்தில் நின்றும் விட்டான்.

என்ன நடந்தது? ஒரே ஆளை இரண்டு முறை எழுதிவிட்டால் இரண்டு முறை பணம் போய்விடுமே என்று அந்தப் பிள்ளை யோசித்திருக்கிறார். நல்ல யோசனைதான். பெயரும், கணவர் பெயரும், தெருவும் ஒன்றாக இருந்தால் ஒன்றை நீக்கிவிடு என்று எழுதியிருக்கிறார். நம் ஊரைத் தெரிந்தவர்கள் சிரிப்பீர்கள். பாத்திமா பீ என்ற பெயரில், அப்துல் என்று தொடங்கும் கணவர் பெயரோடு, ஒரு தெருவில் எத்தனை பேர் இருப்பார்கள்? அந்தத் தெருவில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பட்டியலில் நின்றார். மற்றவர் சத்தமில்லாமல் காணாமல் போனார்.

சோதித்துப் பார்த்தாயா என்று கேட்டோம். பார்த்தேன் என்றார், பொய் சொல்லவில்லை. பத்துப் பெயரைக் கற்பனையாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். பத்தும் வேறு வேறு பெயர்கள்.

இதில் அவரை மட்டும் குற்றம் சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. பழைய பதிவேட்டில் 312 பேர். கம்ப்யூட்டர் பட்டியலில் 311 பேர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். கமிட்டியில் ஒன்பது பேர் இருக்கிறோம், கணக்குத் தணிக்கை படித்தவர்கள்கூட உண்டு. ஒருவரும் பார்க்கவில்லை. மூன்று மாதத் தொகையை எடுத்துக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டோம். அந்த அம்மா எங்களைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இப்ப என் பேரு இருக்கா?"

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டுதான் வெளியே நடப்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் தபால் நிலையங்களை ஒப்பந்தத்தில் நடத்துபவர்கள் உண்டு. சிறு கடையோடு சேர்த்து நடத்துவார்கள். நம் நாட்டிலிருந்து போய்க் குடியேறியவர்களும் அதில் நிறையப் பேர். 1999 முதல் அவர்களுக்கு ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் கொடுக்கப்பட்டது. ஃபுஜிட்சு நிறுவனத்துடையது. அதில் பிழைகள் இருந்தன. பெட்டியில் பணம் சரியாக இருக்கும், திரையில் குறைவதாகக் காட்டும். தபால் நிர்வாகம் மெஷினை நம்பியது, மனிதரை நம்பவில்லை. 1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க் கணக்கு என்று குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். இல்லாத குறையை ஈடுகட்ட வீட்டை விற்றவர்கள் உண்டு. வெஸ்ட் பைஃப்ளீட் என்ற ஊரில் தபால் நிலையம் நடத்திய சீமா மிஸ்ரா என்ற இந்திய வம்சாவளிப் பெண், 74,000 பவுண்டு திருடியதாக 2010 நவம்பரில் சிறைக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவர் கர்ப்பிணி. தண்டனை விதிக்கப்பட்ட நாள் அவர் மூத்த மகனின் பத்தாவது பிறந்தநாள். அவர் மீதான தீர்ப்பு ரத்தானது 2021 ஏப்ரலில். மற்றவர்கள் மீதான தீர்ப்புகளை மொத்தமாக ரத்து செய்ய 2024-இல் பாராளுமன்றமே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. குறைந்தது 13 பேர் இதனால் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்று விசாரணை ஆணையத்தின் அறிக்கை 2025-இல் சொன்னது. அவதூறு எவ்வளவு பெரிய பாவம் என்று இந்தச் சபைக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. இங்கே அவதூறைச் சொன்னது ஒரு மென்பொருள்.

மாணவர்கள் கவனிக்க வேண்டியது அந்த மென்பொருளை எழுதிய இடம். அங்கே வேலை பார்த்த ஒருவர் விசாரணையில் சாட்சி சொன்னார். எழுதிய குழுவில் எட்டுப் பேர் என்றால் இரண்டு பேர் மிக நல்ல வேலைக்காரர்கள், இரண்டு பேர் பரவாயில்லை, மீதிப் பேருக்கு அந்த வேலை தெரியவே தெரியாது என்றார். 1998-இலேயே நிறுவனத்துக்குள் ஓர் அறிக்கை எழுதப்பட்டிருக்கிறது. அதில் ஓர் உதாரணம் காட்டியிருந்தார்கள். ஓர் எண்ணின் அடையாளத்தை மாற்ற வேண்டும், அதாவது கூட்டலைக் கழித்தலாக, கழித்தலைக் கூட்டலாக. எட்டாம் வகுப்புப் பிள்ளை கழித்தல் ஒன்றால் பெருக்கிவிடும். அங்கே எழுதியவர் வேறு மாதிரி எழுதியிருந்தார். எண் கழித்தலாக இருந்தால் அடையாளத்தை எடுத்துவிடு, இல்லையென்றால் அதிலிருந்து அதன் இரண்டு மடங்கைக் கழி என்று. விடை சரியாகத்தான் வரும்! ஆனால் படித்தவர்கள் பயந்துபோனார்கள். இதைக்கூட இப்படிச் சுற்றி எழுதுபவர், கஷ்டமான இடத்தில் என்ன எழுதியிருப்பார்? அந்தப் பகுதியைப் புதிதாக எழுத வேண்டும் என்ற யோசனை வந்தது. நிர்வாகம் ஏற்கவில்லை. ஒட்டுப் போட்டு ஓட்டினார்கள்.

"ஓடுது இல்ல, விடு." நம் பிள்ளைகள் வேலை செய்யும் இடங்களிலும் இந்த வார்த்தை புழங்குகிறது என்று அவர்களே சொல்கிறார்கள். பிழை இருந்தால் டெஸ்டிங் செய்பவர்கள் கண்டுபிடிப்பார்கள், நமக்கென்ன என்று ஒரு பேச்சு. இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, கேட்டால் அதுவே எழுதிக் கொடுக்கிறது, படித்துக்கூடப் பார்க்காமல் அப்படியே ஒட்டிவிடுகிறோம் என்று ஒரு பிள்ளை எங்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். அந்த வெளிப்படைக்காக அவரைப் பாராட்டினோம், செயலுக்காக அல்ல. கருவியைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்ல நாங்கள் யார்? ஆனால் படிக்காத பத்திரத்தில் கையெழுத்துப் போடாதே என்று சொல்லி வளர்த்த வீடுகள் நம்முடையவை.

உங்கள் தகப்பனார்களிடம் கேட்டுப் பாருங்கள். டேனரியில் சுண்ணாம்பில் ஊறிய தோலை எடுத்து, டிரம்மில் போட்டுச் சுண்ணாம்பு நீக்கம் செய்கிறார்கள். போய்விட்டதா என்று எப்படிப் பார்ப்பார்கள்? மேலே தடவிப் பார்த்து முடிவு செய்வதில்லை. தடிமனான இடத்தில் கத்தியால் வெட்டுவார்கள். வெட்டிய விளிம்பில் பினாப்தலீன் சொட்டு விடுவார்கள். உள்ளே இளஞ்சிவப்பாக நிறம் வந்தால் சுண்ணாம்பு இன்னும் நடுவில் இருக்கிறது, டிரம் இன்னும் சுற்ற வேண்டும். குரோம் பதனிட்ட பிறகு, ஒரு துண்டை வெட்டி, காகிதத்தில் வைத்து ஓரத்தை வரைந்துகொண்டு, கொதிக்கும் தண்ணீரில் போடுவார்கள். எடுத்து மறுபடி அந்தக் கோட்டின் மேல் வைத்தால், சுருங்கியிருந்தால் பதம் வரவில்லை என்று அர்த்தம். கவனியுங்கள், ஷூ போடப் போகிறவர் யாரும் தம் காலைக் கொதிநீரில் வைக்கப் போவதில்லை. ஆனாலும் கொதிநீரில் போட்டுத்தான் பார்க்கிறோம். நல்ல நாளில் எப்படி நடக்கிறது என்று பார்ப்பது சோதனை ஆகாது என்பதை நம் தொழிலாளிகள் எந்தக் கல்லூரிக்கும் போகாமல் தெரிந்து வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளை போட்டுப் பார்த்த பத்துப் பெயரில் ஒரே பெயர் இரண்டு முறை இல்லாமல் போனதை இதோடு வைத்துப் பாருங்கள்.

கதிர்வீச்சு சிகிச்சைக்காக வேலூருக்கு எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். நம் குடும்பங்களிலும் அந்த மெஷினின் கீழ் படுத்து எழுந்தவர்கள் உண்டு. 1985-க்கும் 1987-க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற மெஷினில் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சு பாய்ந்தது. குறைந்தது மூன்று பேர் அதனால் இறந்தார்கள். பழைய மாடல்களில் தவறு நடந்தால் தடுக்க இரும்பிலும் மின்சாரத்திலும் தனிப் பூட்டுகள் இருந்தன. புதிய மாடலில் அவற்றை எடுத்துவிட்டு, மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். அந்த மென்பொருளை எழுதியது பெரும்பாலும் ஒரே ஆள். வேறு யாரும் உட்கார்ந்து முழுதாகப் படித்துப் பார்க்கவில்லை. டெக்சாஸில் ஓர் ஆபரேட்டர் தவறான எழுத்தை அடித்துவிட்டு, சட்டென்று திருத்தினார். கை வேகமானவர். அந்த வேகத்துக்கு மென்பொருள் ஈடுகொடுக்கவில்லை, திரையில் திருத்தம் தெரிந்தது, மெஷின் பழைய நிலையிலேயே நின்றது. இன்றைய மெஷின்களில் தனிப் பூட்டுகள் உண்டு, யாரும் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். சொல்ல வந்தது வேறு. அதே பிழைகள் பழைய மாடலின் மென்பொருளிலும் இருந்திருக்கின்றன. இரும்புப் பூட்டு காப்பாற்றிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. நம் பதிவேட்டுக் காலத்தில் வசூல் பாய் கதவைத் தட்டினாரே, அதுவும் அப்படி ஒரு பூட்டுதான். அதை எடுத்தோம், அந்த இடத்தில் என்ன வைத்தோம் என்று கேட்கவில்லை.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. மேலே காய்ந்திருந்தது, உள்ளே விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே, வாங்குகிறவர் பார்ப்பாரே என்பதுதான் அவர்களுடைய கேள்வி. மதரஸாவில் இதைப் படிக்கும்போது நாமெல்லாம் தானியத்தையும் தராசையும்தான் நினைத்தோம். மென்பொருளில் மேல்பக்கம் என்பது திரை. வாங்குகிறவர் உள்ளே கைவிட்டுப் பார்க்கவே முடியாது. தானியத்தையாவது கிளறலாம். தெரிந்த குறையை மறைக்காமல் மேலே எழுதி வைக்கும் பழக்கம் இந்தத் தொழிலுக்கு அதனால்தான் இன்னும் அதிகம் வேண்டும். இந்த இடத்தை அவசரத்தில் எழுதினேன், ஒரே பெயர் இரண்டு வந்தால் கவனம் என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தால், எங்களில் யாராவது அதைப் படித்திருப்போம்.

பிள்ளைகளுக்கு நியாயமும் செய்ய வேண்டும். பல நேரம் எழுதுகிறவர் சோம்பேறி இல்லை, கெடு அவரை விடுவதில்லை. ஷிப்மென்ட் தேதி என்றால் என்ன என்று நமக்குத் தெரியாதா? கப்பல் போய்விட்டால் விமானத்தில் அனுப்ப வேண்டும், லாபமெல்லாம் அதிலேயே போகும். அந்த நேரத்தில் செக்கிங்கில் நிற்கும் பெண்ணிடம் "பார்த்தது போதும், பெட்டியில் போடு" என்று யார் சொல்கிறார்? சூப்பர்வைசர். அவரிடம் சொன்னது முதலாளி. மென்பொருளிலும் அதேதான். வார்ட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க ப்ரோக்ராமர் 1992-இல் இதற்கு ஓர் உவமை சொன்னார். அவசரத்தில் முழுமையில்லாமல் எழுதி அனுப்புவது கடன் வாங்குவது மாதிரி. சீக்கிரம் திரும்ப உட்கார்ந்து சரி செய்தால் கடன் தீர்ந்தது. விட்டுவிட்டால், அதன்மேல் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் வட்டி கட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். வட்டியைப் பற்றி இந்தச் சபையில் விளக்கம் தேவைப்படாது. அந்த உவமை நம்மவர் யாருக்கும் தோன்றாமல் போனது எங்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இப்படிப்பட்ட கடன் நம் பகுதிக்குப் புதிதில்லை. சொல்லக் கசப்பாக இருந்தாலும் சொல்கிறோம். பல காலமாகக் கழிவுநீரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாவிட்டால் மூடல். முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையும் இந்த நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் அதை வேலூர் வழக்கு என்றுதான் படிக்கிறார்கள். பாலாற்றங்கரைக் கிணறுகள் இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கின்றன. அதற்கு முன்பே, 1989-இல், பூஞ்சைக்கு எதிராகப் போடும் பென்டாகுளோரோபீனால் என்ற ஒரு மருந்து கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் தோலில் இருக்கக் கூடாது என்று ஜெர்மனி சட்டம் போட்டபோது, நம் ஏற்றுமதியாளர்கள் எப்படித் தவித்தார்கள் என்பது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். உள்ளே போட்டது வெளியே தெரியாது என்று அதுவரை நினைத்திருந்தோம்.

சரி, கவனமாக எழுதுவது எப்படி என்று கற்றுக்கொள்ள வழி உண்டா? உண்டு. வாட்ஸ் ஹம்ஃப்ரி என்று ஒருவர். ஐ.பி.எம். நிறுவனத்தில் 27 வருடம் வேலை பார்த்துவிட்டு, பிறகு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனத்துக்குப் போனவர். மென்பொருள் தரத்துக்காகவே உழைத்தவர். 2000-இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஒரு மென்பொருள் தர நிறுவனம் அமைந்தது. நம் நாட்டுக் கம்பெனிகள் பெருமையாகச் சொல்லும் ஐந்தாம் நிலைத் தரச் சான்றின் வேர் அவருடைய வேலையில்தான் இருக்கிறது. ஆனால் எங்களுக்குப் பிடித்தது அந்தச் சான்றிதழ் இல்லை. பிற்காலத்தில் அவர் தனி ஆளுக்கென்று ஒரு முறை சொன்னார். ஒவ்வொரு ப்ரோக்ராமரும் தன் பிழைகளைத் தானே எழுதி வைக்க வேண்டும். என்ன பிழை, எந்தக் கட்டத்தில் நுழைந்தது, எப்போது கண்டுபிடித்தேன், திருத்த எவ்வளவு நேரம் ஆனது. கொஞ்ச நாளில் தன் கை எங்கே தவறும் என்று தனக்கே தெரிந்துவிடும். அடுத்தவருக்குக் கொடுப்பதற்கு முன், அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு தானே ஒருமுறை படிக்க வேண்டும். இரவு படுக்குமுன் அன்றைய நாளைக் கணக்குப் பார்க்கும் முஹாஸபா என்ற பழக்கத்தை நம் உலமாக்கள் சொல்லித் தந்திருக்கிறார்களே, அதைத் தொழிலில் செய்யச் சொன்னார் என்றே எங்களுக்குப் பட்டது. இதற்குச் சம்பள உயர்வு கிடைக்குமா என்று கேட்டால், உடனே கிடைக்காது. வேகமாக முடித்தவருக்குத்தான் முதலில் கைதட்டல் கிடைக்கும். மாணவர்களிடம் இதை மறைக்க விரும்பவில்லை.

நம் பிள்ளையிடம் திரும்ப வருவோம். விஷயம் தெரிந்த அன்று இரவே போன் செய்தார். குரலே சரியில்லை. அடுத்த ஞாயிறு முதல் பஸ்ஸில் சென்னையிலிருந்து வந்தார். அந்த அம்மா வீட்டுக்கு எங்களோடு வந்தார், அது எங்கள் யோசனை இல்லை, அவருடையது. பிறகு ஆபீசில் உட்கார்ந்து திருத்தினார். இப்போது பெயரை வைத்து ஆளை அடையாளம் காண்பதில்லை, ரேஷன் கார்டு எண்ணை வைத்துத்தான். சந்தேகம் வந்தால் ப்ரோக்ராம் யாரையும் நீக்காது, ஒரு குறி போட்டு எங்களிடம் காட்டும், முடிவு செய்வது மனிதர். பட்டியலின் தலையில் போன மாதம் எத்தனை பேர், இந்த மாதம் எத்தனை பேர், வித்தியாசம் ஏன் என்று வரும். இரண்டு கமிட்டி உறுப்பினர்கள் கையெழுத்திட்டால்தான் வங்கிக்குப் போகும். ஒரு பிழைப் புத்தகமும் வைத்திருக்கிறோம். முதல் பக்கத்தில் அவர் தன் கையால் தன் பிழையை எழுதினார். அதன் கீழே, எண்ணிப் பார்க்காத பிழையைக் கமிட்டி சார்பில் நாங்கள் எழுதினோம். அவருக்குப் போர்த்திய சால்வையைத் திரும்பக் கேட்கவில்லை.

கல்வி உதவித்தொகைப் பட்டியலும் இப்போது அதே ப்ரோக்ராமில்தான் ஏறியிருக்கிறது. பழைய பதிவேட்டிலிருந்து ஏற்றிய முந்தைய வருடங்களின் விவரங்களை இன்னும் முழுதாக ஒப்பிடவில்லை. அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின், கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளும் கம்பெனியில் வேலை செய்யும் பிள்ளைகளும் ஆபீசுக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இரண்டு இரண்டு பேராக உட்காருங்கள். ஒருவர் பதிவேட்டிலிருந்து வாசிக்கட்டும், மற்றவர் திரையில் பார்க்கட்டும். பெண் பிள்ளைகளுக்குத் தனி அறை உண்டு. ப்ரோக்ராமை எழுதியவரும் வருவார், அவர் எழுதியதை வரி வரியாகக் காட்டச் சொல்லியிருக்கிறோம், தாராளமாகக் கேள்வி கேளுங்கள். எந்தக் குடும்பத்திற்காவது வர வேண்டிய தொகை வராமல் நின்றிருந்தால், காரணத்தை நீங்களே யூகித்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். தயவுசெய்து எங்களிடம் வந்து கேளுங்கள். வர முடியாதவர்கள் சொல்லியனுப்பினால் வசூல் பாய் வீட்டுக்கே வருவார். அவருடைய சைக்கிளுக்குப் புது டயர் போட்டாகிவிட்டது.